சன் கான்யூர் கடிக்கிறது, கத்துகிறது: தட்டுவதா, தானியம் கொடுப்பதா?

கேள்வி: 3 ஜூன் 2025

ஒன்றரை வயது சன் கான்யூர், வெளிநாட்டுக் கிளி வகை. பெயர் மாங்கா. குஞ்சாக வாங்கி நானே கையால் ஊட்டி வளர்த்தேன். ஆறு மாதம்வரை தோளைவிட்டு இறங்காது. இப்போது கையை நீட்டினாலே கடிக்கிறது, ரத்தம் வருகிறது. நான் அறையைவிட்டுப் போனால் அடுக்குமாடி முழுக்கக் கேட்கும்படி கத்துகிறது. வாங்கிய கடையில் கேட்டேன். "விதை கொடுத்துக் கெஞ்சினால் லஞ்சம் பழகிவிடும். கடித்தால் மூக்கில் ஒரு தட்டு, கத்தினால் கூண்டைத் துணி போட்டு மூடு. யார் எஜமான் என்று தெரிய வேண்டும்" என்றார்கள். செய்யலாமா?

3 ஜூன், இரவு

செய்யாதீர்கள். இரண்டையும்.

காரணங்களைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு நோட்டு எடுத்து மூன்று பத்திகள் போடுங்கள். கடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, மாங்கா என்ன செய்தது, அதற்குப் பின் மாங்காவுக்கு என்ன கிடைத்தது. கை மேலிருந்து வந்ததா, பக்கத்திலிருந்து வந்ததா? மாங்கா கூண்டுக்குள் இருந்ததா, கூண்டின் மேலே இருந்ததா? கடித்ததும் நீங்கள் கையை எடுத்தீர்களா, சத்தம் போட்டீர்களா?

"கோபம்", "பொறாமை", "திமிர்" போன்றவற்றை அந்த நோட்டில் எழுத வேண்டாம். அதை வைத்து நம்மால் எதையும் மாற்ற முடியாது. "கை மேலிருந்து வந்தது" என்று எழுதினால் நாளைக்கே மாற்றலாம்.

4 ஜூன்

இன்று கடியைப் பற்றி மட்டும்.

கடிப்பதற்கு முன்னால் கான்யூர் நிறையச் செய்யும். உடல் இறகுகளை ஒட்ட இழுத்துக்கொண்டு ஒல்லியாகும். கை வரும் பக்கத்திலிருந்து சாயும், எடையைத் தூரத்துக் காலுக்கு மாற்றும். அசையாமல் உறையும். பிடரி இறகு எழும். தலையைத் தாழ்த்தி அலகைத் திறக்கும். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும். (கண்மணியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிடித்த தின்பண்டத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் ஆகும்.) காக்கட்டீல் கிளி என்றால் கொண்டையைத் தலையோடு ஒட்டி வைத்து உஸ்ஸென்று சீறும்.

இத்தனையையும் பார்க்காமல் கையை முன்னே கொண்டுபோனால் கடைசியாகக் கடிக்கிறது. கடித்ததும் கை விலகுகிறது. அதற்கு வேண்டியிருந்தது கை விலகுவதுதான். ஆகவே அடுத்த தடவை சாய்ந்து காட்டி நேரத்தை வீணாக்காமல் நேரே கடிக்கும். விளைவு நல்லதாக இருந்தால் அந்தச் செயல் திரும்ப வரும் என்று 1898-இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டிக்குள் வைத்து உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் காட்டியது இதைத்தான். பின்னால் வந்த உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து அதைப் பெரிய துறையாக வளர்த்தார். அந்தத் துறையைக் கிளி வளர்ப்பவர்களிடம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் சூசன் ஃபிரீட்மன்.

"கடித்தாலும் கையை எடுக்காதே, அப்போதுதான் கடி பலிக்காது என்று புரியும்" என்று ஒரு யோசனை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சாய்ந்தும் பயனில்லை, கடித்தும் பயனில்லை என்றால் அந்தப் பறவைக்கு மிச்சம் இருப்பது இன்னும் ஆழமாகக் கடிப்பது, அல்லது ஒடுங்கிப்போவது. ஒடுங்கிப்போன கிளியைப் பார்த்து "டேம் ஆகிவிட்டது" (பழகிவிட்டது) என்று சந்தோஷப்படுபவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. மாங்கா சாய்ந்த கணத்திலேயே கையை நிறுத்தி, சற்றுப் பின்னுக்கு எடுங்கள். சாய்ந்தாலே போதும் என்று அது கற்றுக்கொண்டால் கடிக்க வேண்டியிராது.

"அப்படி விட்டால் எப்போதும் வரமாட்டேன் என்றுதானே சொல்லும்?" என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் மிளகு என்ற கிரீன் சீக் கான்யூரிடம் நடந்தது நேர்மாறு. வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்த பிறகுதான் அது தானாக வந்து கையில் ஏற ஆரம்பித்தது.

4 ஜூன், பிற்பாடு

எஜமான் விஷயம் விட்டுப்போயிற்று. சன் கான்யூரின் சொந்த ஊர் கயானாவும் வட பிரேசிலின் ரொரைமாவும். அங்கே கூட்டமாகத் திரியும் பறவை. உயரமான கிளையில் இருப்பவர் தலைவர் என்ற கணக்கு அவற்றிடம் கிடையாது. கூண்டின் மேலே ஏறி உட்காருவது அங்கே பாதுகாப்பாக இருப்பதால். பருந்துக்கு இரையாகும் பறவைக்கு மேலிருந்து வரும் எதுவும் ஆபத்துதான், உங்கள் கை உட்பட.

அலகில் தட்டுவதால் மாங்கா கற்றுக்கொள்வது ஒன்றுதான்: கை வந்தால் வலிக்கும்.

6 ஜூன்

லஞ்சம் என்று சொல்வதில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிடக் கூடாது. விதையை முன்னாலேயே காட்டி, "வா வா" என்று கூப்பிட்டு, கிளி ஏறியதும் பிடித்துக் கூண்டில் போட்டுக் கதவைச் சாத்தினால் விதை ஒரு பொறியாகிவிடும். சில தடவைக்குப் பிறகு விதையைக் கண்டாலே பறவை ஓடும். அப்போது "இவனுக்கு விதை பயிற்சியெல்லாம் சரிப்படாது" என்கிறோம்.

பரிசு வேண்டிய செயல் முடிந்த பிறகு வர வேண்டும், அதுவரை பார்வையில் இருக்கக் கூடாது. கிளி விலகிப் போனால் ஒன்றும் கெட்டுவிடக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் அதை லஞ்சம் என்று நான் சொல்லமாட்டேன். மாதக் கடைசியில் சம்பளம் வாங்குபவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

எது பரிசு என்பதையும் மாங்காதான் முடிவு செய்யும். ஒரு தட்டில் சூரியகாந்தி விதை, தினை, ஒரு துண்டு ஆப்பிள், ஒரு மாதுளை முத்து, வறுக்காத பாதாம் துணுக்கு எல்லாம் வைத்து எதை முதலில் எடுக்கிறது என்று பாருங்கள். வேறு வேறு வேளையில் பாருங்கள். முதலில் எடுப்பதைச் சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து நீக்கிப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமுக்குச் சற்று மேலிருக்கும் பறவைக்கு ஒரு முழு சூரியகாந்தி விதையே பெரிது, உடைத்துக் கொடுங்கள். அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு, தட்டுப் பக்கமே வரக் கூடாது.

9 ஜூன்

குச்சிப் பயிற்சி. மாங்காவுக்குக் கை கலக்காத முதல் பாடம் இதுதான்.

சாப்ஸ்டிக் ஒன்று போதும். மாங்கா கூண்டுக்குள், நீங்கள் வெளியே, கம்பி நடுவில் இருக்கட்டும். முதலில் ஒரு சத்தத்துக்குப் பொருள் உண்டாக்க வேண்டும்: நாக்கால் ஒரு "ட்டக்", உடனே ஒரு துணுக்கு விதை. இப்படிச் சில முறை. "ட்டக்" கேட்டதும் தலையைத் திருப்பி உங்களைத் தேடுகிறதா? சரி, பொருள் புரிந்துவிட்டது.

அப்புறம் குச்சி நுனியைக் கம்பி வழியாக, மாங்காவுக்கு எட்டும் தூரத்தில் காட்டுங்கள். கிளிகள் எதையும் அலகால் தொட்டுப் பார்க்கும். தொட்ட கணத்தில் "ட்டக்", பிறகு விதை. அந்தக் கணம் முக்கியம். தொட்டுவிட்டு, மென்று, இழுக்க ஆரம்பித்த பிறகு "ட்டக்" வந்தால் குச்சியைப் பிடுங்குவதற்குத்தான் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளும். குச்சியைப் பார்த்தே பயப்பட்டால் தொடும்வரை காத்திருக்காதீர்கள். பார்த்ததற்கு விதை, அரை அடி எடுத்து வைத்ததற்கு விதை.

தொடுவது நன்றாக வந்தபின் குச்சியை ஒரு விரற்கடை தள்ளிக் காட்டுங்கள், அடுத்து இரண்டு. கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடக்க வைத்துவிட்டீர்கள் என்றால், கையால் தொடாமல் அதை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போக முடியும்.

மாங்காவுக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்துங்கள். சலிப்பு வந்தபின் நிறுத்தினால் நாளைக்கு அந்தச் சலிப்போடுதான் தொடங்கும்.

பட்டினி போடாதீர்கள். காலைக் கிண்ணம் வைப்பதற்கு முன் பயிற்சி செய்தாலே போதுமான பசி இருக்கும். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் காலையில் எடை பாருங்கள். தராசில் ஏறி நிற்பதையே குச்சியால் சொல்லிக்கொடுக்கலாம். எடை பத்து சதவீதம் குறைந்தால் பயிற்சியை விட்டுவிட்டுப் பறவை மருத்துவரிடம் போங்கள்.

12 ஜூன்

கத்தலுக்கு வருகிறேன்.

சங்கப் பாட்டு ஒன்றில் தினைப்புனம் காக்கும் கொடிச்சி, கிளிகளை விரட்டக் குளிர் என்ற கருவியை இசைக்கிறாள். அந்த ஓசை இனிமையாக இருக்கிறது. அவள் தங்களைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கிளிகள் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. விரட்டுகிறோம் என்று நாம் நினைப்பது அதற்கு அழைப்பாக இருக்கலாம்.

மாங்கா கத்தும்போது வீட்டில் என்ன நடக்கிறது? "ஏய், சும்மா இரு!" என்று நீங்களும் கத்துகிறீர்கள். கிளிக்கூட்டத்தில் ஒன்று கண்ணைவிட்டு மறைந்தால் மற்றது குரல் கொடுக்கும், மறைந்தது பதில் கொடுக்கும். மாங்கா கேட்டது "எங்கே இருக்கிறாய்?" என்பது. நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள், அதுவும் உரத்த குரலில். இல்லையென்றால் துணியை எடுத்துக்கொண்டு அறைக்கே வருகிறீர்கள். அதற்கு வேண்டியதும் நீங்கள் வருவதுதானே.

ஆகவே அந்தக் கேள்விக்கு வேறு ஒரு வடிவம் கொடுங்கள். மாங்கா ஏற்கெனவே போடும் சின்னச் சத்தங்களில் ஒன்றை, ஒரு விசிலோ மென்மையான "க்ரீக்"கோ, தேர்ந்தெடுங்கள். அது அந்தச் சத்தத்தைப் போடும்போதெல்லாம் எங்கிருந்தாலும் பதில் விசில் அடியுங்கள். கதவுக்கு வெளியே ஒரு கணம் நின்று, கத்துவதற்கு முன்னாலேயே விசில் அடித்துத் திரும்பி வாருங்கள். இடைவெளியை மெல்ல நீட்டுங்கள். உரத்த கத்தலுக்கு எந்தப் பதிலும் வேண்டாம்.

பதில் நின்றதும் கத்தல் முதலில் கூடும். அதை எதிர்பாருங்கள். வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்காவிட்டால் நாமும் இன்னும் பலமாகத்தான் தட்டுவோம். அந்த உச்சத்தில் ஒரு தடவை விட்டுக்கொடுத்தால், இத்தனை பலமாகக் கத்தினால்தான் கதவு திறக்கும் என்று சொல்லிக்கொடுத்ததாகிவிடும். எப்போதாவது மட்டும் கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக உறுதியாக்குகிறது.

13 ஜூன்

நேற்று எழுதியதை இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். "உரத்த கத்தலுக்குப் பதில் வேண்டாம்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவர் அலுவலகம் போய்விடலாம். அது போதாது, நியாயமும் இல்லை. நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல் கம்பிக்குள் இருக்கும் பறவை கத்துவது அதன் நிலைமையைப் பற்றிய சரியான தகவல்.

மாங்கா எத்தனை மணிநேரம் தூங்குகிறது? பத்து முதல் பன்னிரண்டு மணிநேர இருட்டும் அமைதியும் வேண்டும். ஹாலில் இரவு பதினொரு மணிவரை டிவி ஓடினால் கிடைக்காது. பகலில் சாப்பாட்டைத் தேட வேண்டியிருக்கிறதா, கிண்ணத்தில் நிறைந்து கிடக்கிறதா? 1963-இல் க்ளென் ஜென்சன் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், இலவசத் தீனி பக்கத்திலேயே இருந்தும் அவை நெம்புகோலை அழுத்தித் தின்றன. ஆப்பிரிக்கக் கிரே கிளிகளிடமும் இதே போக்கைக் கண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் விருந்துக்கு வாங்கும் பாக்குமட்டைத் தட்டுதான் மிளகின் பெரிய பொம்மை. புதுத் தட்டைக் கீற்றாகக் கிழித்து, இடையில் தினைக் கதிரைச் செருகி, கூண்டில் தொங்கவிடுவோம். தினையை அப்படியே கொடுத்தால் கொறித்துவிட்டுப் போய்விடும். ஒளித்து வைத்தால் காலைப் பொழுது முழுக்க அதிலேயே இருக்கும், சத்தமே வராது.

17 ஜூன்

கிளி ஜோசியக் கிளி அடிக்காமலே கற்கிறதே, அதுவும் இதே முறைதானா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

வரிசை அப்படியேதான். கதவு திறப்பது முதல் குறிப்பு. கிளி வெளியே நடந்து வருகிறது, சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறது, ஒன்றைக் கொடுக்கிறது, ஒரு நெல்மணி கிடைக்கிறது, உள்ளே போகிறது. ஸ்கின்னர் பார்த்திருந்தால் ரசித்திருப்பார். கடற்கரையில் சின்ன வயதில் நின்று பார்த்தவன் நான், அந்தத் திறமைக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆனால் அந்தக் கிளியின் இறகு வெட்டப்பட்டிருக்கும், கூண்டு உடம்பளவே இருக்கும். வெளியே வராமல் இருந்தால் நெல் இல்லை, பறக்கவும் வழியில்லை. நான் மேலே திரும்பத் திரும்பச் சொன்ன "வேண்டாம்" என்ற பதிலுக்கு அங்கே இடமே கிடையாது. நெல்மணி ஒன்றுதான், இரண்டு வீட்டிலும். விலகிப்போக முடியுமா என்பதில்தான் எனக்கு வேறுபாடு தெரிகிறது. இறகு வெட்டி "டேம்" செய்த கான்யூரும் இந்தக் கணக்கில்தான் வரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பச்சைக்கிளி உட்பட நம் நாட்டுக் கிளிகள் எதையும் வளர்க்கக் கூடாது, 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம். திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் ஜோசியக் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது நினைவிருக்கலாம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு கிடைத்தாலும் வனத்துறையிடம்தான் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கிளிகளில், சன் கான்யூர் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், 2024 பிப்ரவரியில் வந்த விதி. காக்கட்டீலும் நாம் லவ் பேர்ட்ஸ் என்று வாங்கும் பட்ஜியும் அந்தப் பட்டியலில் இல்லை. மாங்காவுக்குப் பதிவு இருக்கிறதா?

20 ஜூன்

பரிசு என்றால் தீனி மட்டுமே என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அலெக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1977-இல் விலங்கு அறிவாற்றல் ஆய்வாளர் ஐரின் பெப்பர்பெர்க் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கிய ஆப்பிரிக்கக் கிரே அலெக்ஸ். 2007 செப்டம்பரில் அந்தக் கிளி தன் 31ஆம் வயதில் இறக்கும்வரை அவர் அதோடு வேலை செய்தார். ஏழு நிறம், ஐந்து வடிவம், ஆறுவரை எண்ணிக்கை எல்லாம் அலெக்ஸ் சொல்லும். பெப்பர்பெர்க் பயன்படுத்திய முறை, ஜெர்மனியில் டீட்மார் டாட் என்ற ஆய்வாளர் செய்ததன் வளர்ச்சி: கிளியின் முன்னால் இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். ஒருவர் கேட்பார், மற்றவர் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளே அவருக்குக் கிடைக்கும். கிளி போட்டிக்கு வரும். கார்க் என்று சரியாகச் சொன்ன கிளிக்குக் கார்க்கையே கொடுத்தார்கள், கொறித்துப் பிய்க்க. எதைச் சொன்னாலும் முந்திரி என்றால் கார்க்குக்கும் அந்தச் சொல்லுக்கும் உள்ள தொடர்பு குழம்பும் என்பது அவர் வாதம்.

குச்சியைத் தொடுவதற்கு விதை சரி. ஆனால் மாங்கா "தண்ணி" என்ற சொல்லைப் போடும்போதெல்லாம் குளிக்கும் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சூரியகாந்தியைவிட வேகமாக ஒட்டிக்கொள்ளும். மிளகுக்குக் காகிதம் கிழிப்பது, ஜன்னலோரம் போவது, இரண்டும் விதைக்குச் சமமான சம்பளம்.

24 ஜூன்

சின்னக் குறிப்பு. திடீரென்று குணம் மாறினால் முதலில் மருத்துவர். உடம்பு சரியில்லை என்பதைக் கிளி மறைக்கும், கடி அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். சாம்பிராணி, கொசுவத்தி புகை அந்த அறையில் வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் வெறுமனே அடுப்பில் காய்ந்தால் வரும் ஆவி கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

மருத்துவரிடம் போகும் பெட்டியையும் குச்சியால் பழக்கலாம். பெட்டி எப்போதும் அறையில் திறந்து கிடக்கட்டும், உள்ளே நடந்துபோனால் தினை, வெளியே வந்தால் சும்மா. சிரிஞ்சில் ஆப்பிள் சாறு குடிக்கப் பழகிய பறவைக்கு மருந்து கொடுக்கத் துண்டு போட்டு அமுக்க வேண்டியதில்லை. மிளகுக்கு ஒருமுறை மருந்து எழுதிக்கொடுத்தபோது தானாக வந்து சிரிஞ்சைக் கவ்வியது. அந்தக் காலை எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது.

29 ஜூன்

நீங்கள் அனுப்பிய நோட்டுப் படம் பார்த்தேன். நல்ல வேலை. எனக்கு உடனே கண்ணில் பட்டது: சோபாவுக்கு அடியிலும் அட்டைப்பெட்டிப் பக்கமும் கை வந்தபோதுதான் மோசமான கடிகள். இருட்டான இடுக்கு கூடு கட்டும் இடமாகத் தோன்றும். முதிர்ச்சிக்கு வரும் வயது அது. பெட்டியை எடுத்துவிடுங்கள், சோபாவின் அடியை அடைத்துவிடுங்கள். முதுகைத் தடவுவதையும் நிறுத்துங்கள், அது இணைக்குச் செய்வது. தலையும் கழுத்தும் போதும், அதுவும் தலையைக் குனிந்து கேட்டால்.

குச்சியை ஓடிவந்து தொடுகிறது, கை வந்தால் மட்டும் உறைகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் கையை ஏறச் சொல்லும் பொருளாக இன்னும் கொண்டுவராதீர்கள். இடது கையைக் கூண்டுக் கதவின் விளிம்பில், மாங்கா நிமிர்ந்து பார்த்தும் சாயாத தூரத்தில் அசையாமல் வையுங்கள். வலது கையில் குச்சி. குச்சியைத் தொட்டால் விதை, கை ஒன்றும் செய்யாது. அந்தத் தூரத்தில் உடம்பு தளர்ந்து, இறகை உதறிக்கொண்டு விதையைத் தின்றால் மறுநாள் கையை ஒரு விரற்கடை நெருக்குங்கள். ஒல்லியானால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். கடைசியில் குச்சிக்கும் மாங்காவுக்கும் நடுவில் கை இருக்கும், அதைத் தாண்ட ஒரு கால் வைக்கும். அந்த ஒரு காலுக்கே பாதாம் துணுக்கு கொடுங்கள், இரண்டாவது காலுக்குக் காத்திருக்க வேண்டாம். எந்தத் தூரத்தில் தொடங்கினீர்கள் என்பதை நோட்டில் குறித்துப் போடுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.